கிளேர் டோரிக்காக ஒரு மாலை: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும்,

போன சனிக்கிழமை லண்டன் ஹாரோவில் பாட்டுக் கேட்கக் கூடியபோது இருபது நாற்காலி போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கடைசியில் ஜன்னல் திண்டில்கூட ஆள் உட்கார்ந்திருந்தது. பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் குழுவின் பெயரைக் கேட்டதும் வருகிறவர்கள் உண்டுதான். ஆனால் அந்தக் குழுவில் ஒருபோதும் இல்லாத, ஆனால் அவர்களின் பாட்டு ஒன்றுக்குக் குரல் கொடுத்த கிளேர் டோரி என்ற பெண்ணைப் பற்றிய மாலை என்று தெரிந்தே வந்தீர்கள். அதற்கே முதல் நன்றி.

அந்த எல்.பி. இசைத்தட்டைக் கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அடுத்தது. 1973-ல் வந்த பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்'. அட்டை ஓரம் நைந்துபோயிருந்தாலும் தட்டில் கீறல் இல்லை. அதன் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டுதான் டோரி பாடிய 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'. கைப்பேசியில் போட்டிருந்தால் உடனே அடுத்த பாட்டு ஓடியிருக்கும். தட்டு என்பதால் அந்தக் குரல் அடங்கியதும் ஊசியின் சரசரப்பு மட்டும் மிஞ்சியது. தட்டைத் திருப்பிப் போட யாருமே எழுந்திருக்கவில்லை. எனக்கு அந்த மாலை முழுவதும் அந்த அரை நிமிடத்தில்தான் இருந்தது.

சென்னையில் முன்பு கோரஸ் பாடிய அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். செஷன் என்றால் என்ன என்று நான் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தபோது, "கால்ஷீட்தான் தம்பி, பாடு, காசை வாங்கு, வீட்டுக்குப் போ" என்று ஒரே வரியில் முடித்தார். அதுதான் கதையே. 1973 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. இருபத்தைந்து வயது கிளேர் டோரி ஆபி ரோடு ஸ்டூடியோவுக்குப் போகிறார். வேறொருவரின் பாட்டை அவர் திரும்பப் பாடிய ஒரு பதிவை ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் கேட்டிருந்ததால் வந்த அழைப்பு. குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் பியானோ ஏற்கெனவே பதிவாகியிருந்தது. பாட்டுக்கு வரிகள் கிடையாது. முதலில் 'பேபி, பேபி' என்று ஏதோ பாடிப் பார்த்தார். வார்த்தையே வேண்டாம் என்றார்கள். சரி, என்னை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொள்கிறேன் என்று பாடினார். மூன்றாவது முறை பாடும்போது பாதியிலேயே நிறுத்திவிட்டார், பாடியதையே திரும்பப் பாடுகிறோம் என்று தோன்றியதால். ஞாயிறு என்பதால் இரட்டைக் கூலி: 30 பவுண்ட். இதைப் பயன்படுத்த மாட்டார்கள் என்று நினைத்தபடியே வீடு திரும்பினார்.

இது ஆலாபனைதானே என்று ஒருவர் கேட்டதும், அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ராகம் கையைப் பிடித்து நடத்தும், இவளுக்குப் பிடித்துக்கொள்ள பியானோவை விட்டால் ஒன்றும் இல்லை என்றார். நான் தயாரித்த எட்டுப் பக்கக் குறிப்பைவிட அந்தப் பதில் பெரிது.

பியானோ வாசித்துக் காட்டிய தம்பிக்கும் நன்றி. டோரியின் குரலை எடுத்துவிட்டு பியானோவின் வெறும் சுரக்கோவையை (கார்டுகளை) அவர் வாசித்தபோதுதான், டோரி அதில் எவ்வளவைத் தானே கட்டினார் என்று காதில் விழுந்தது. இசைத்தட்டின் உறையில் டோரியைப் பாடகி என்று பெயர் போட்டிருந்தார்கள். இசையமைப்பு ரைட் மட்டும். இசையமைப்பில் தன் பங்கைக் கேட்டு டோரி 2004-ல் வழக்குப் போட்டார். 2005-ல் நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. அதன்பின் வந்த பதிப்புகளில் ரைட்டோடு அவர் பெயரும் இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம்! இத்தனைக்கும் இடையில் 1990-ல் இங்கிலாந்தின் நெப்வொர்த் இசை விழா மேடையில் அதே குழுவோடு அதே பாட்டைப் பாடியும் இருக்கிறார்.

அவருடைய மற்ற பாட்டுகளைத் தேடி எடுத்த மாணவிக்கும் கடன்பட்டிருக்கிறேன். பி.பி.சி.யின் 'பட்டர்ஃபிளைஸ்' தொடரின் முகப்புப் பாட்டு வந்ததும் பின்வரிசையில் ஒரு ஆன்ட்டி, "ஐயோ, இது அவளா!" என்றாரே, அதற்கே அந்தத் தேடல் தகும். 1979-ல் அதே ஒலிப்பதிவாளரின் குழுவான ஆலன் பார்சன்ஸ் பிராஜெக்டின் 'ஈவ்' தட்டில் முழுப் பாட்டே பாடியிருக்கிறார், அது எனக்கும் புதிது.

அப்புறம், ஸ்பீக்கர் பாதியில் மூச்சை விட்டதும் வீட்டுக்கு ஓடிப்போய்த் தன்னுடையதைத் தூக்கி வந்தவர், மழையில் நாற்காலி சுமந்தவர்கள், நாற்பது பேருக்கு வடை சுட்டவர். எல்லார் பெயரையும் அன்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தேன். இங்கே மட்டும் பெயர் வேண்டாம் என்று மூன்று பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இந்த விஷயத்தைப் பேசிவிட்டுப் பெயர் போடாமல் விடுவதா என்று சண்டை போட்டுப் பார்த்தேன், தோற்றேன். ஆகவே ஒருவர் பெயரும் இல்லை.

கடைசியாக ஒன்று. சாம்பார் வந்த எவர்சில்வர் தூக்கு என் வீட்டில் இருக்கிறது. பெயர் வெட்டவில்லை. உரியவர் சொல்லியனுப்பினால் கொண்டுவந்து தருகிறேன்.