வந்த கப்பல்களும் வராத கப்பல்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, பிரிந்துபோன தென் மாநிலங்களின் துறைமுகங்களை வடக்கின் கடற்படை மறித்த முற்றுகையை வெறும் சல்லடை என்கிறது. அதை மீறி ஓடிய கப்பல்களில் பெரும்பாலானவை பிடிபடவில்லை என்பதுதான் அதற்குக் காட்டப்படும் சான்று. சரக்குக் கப்பல்களில் ஏற்றுவதையும் இறக்குவதையும் மேற்பார்த்தே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். கப்பல்களை எண்ணி வணிகத்தை மதிப்பிடுவது, குடங்களை எண்ணித் தண்ணீரை அளப்பது போன்றது.

பஹாமாஸ் தீவுகளின் நாசோ துறைமுகத்திலிருந்தும் அட்லாண்டிக் தீவான பெர்முடாவிலிருந்தும் இருட்டில் ஓடிவந்த அந்த நீராவிக் கப்பல்கள் எப்படிப்பட்டவை? ஒல்லியான உடல், சாம்பல் நிறப் பூச்சு, ஆழமில்லாத நீரிலும் ஓடும் அமைப்பு. வேகத்துக்காக எஞ்சினும் நிலக்கரியும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. சரக்குக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். போருக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் தெற்கிலிருந்து ஏறத்தாழ 1 கோடி பருத்திப் பொதிகள் ஏற்றுமதியாயின. போரின் கடைசி மூன்று ஆண்டுகளில் போனவை சுமார் 5 லட்சம். கணக்கு இங்கே இருக்கிறது. பெரிய பாய்க்கப்பல்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வராத கப்பலை யாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை.

வந்தவையும் என்ன கொண்டுவந்தன? துப்பாக்கிகள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் பல கப்பல்களின் முதலாளிகள் தனியார். பட்டும் மதுவும் இடத்தை அடைக்காமல் லாபம் தரும்; தண்டவாளம் தருமா? ஆடம்பரப் பொருள் இறக்குமதியைத் தெற்கு அரசு தடை செய்ததே 1864 பிப்ரவரியில்தான். அவ்வளவு தாமதம்!

கட்டுரையாளர் தொடாத இடம் ரயில்தான். போருக்கு முன் கனமான சரக்கு கரையோரக் கப்பல்களிலும் ஆறுகளிலும் போய்க்கொண்டிருந்தது. முற்றுகை அந்தப் போக்குவரத்தை நிறுத்தியதும் மொத்தச் சுமையும் ரயிலின் தலையில் விழுந்தது. தேய்ந்த தண்டவாளத்துக்கு மாற்று இல்லை. கிளைப் பாதைகளைப் பெயர்த்து முக்கியப் பாதைகளில் போட்டார்கள். 1863 ஏப்ரலில் தெற்கின் தலைநகரான ரிச்மண்டில் பெண்கள் ரொட்டி கேட்டுக் கடைகளை உடைத்தபோது, நாட்டில் தானியமே இல்லை என்பதல்ல நிலை. விலை எட்டாத உயரத்தில் இருந்தது. இருந்த தானியத்தைக் கொண்டுவரவும் வழி சரியில்லை.

ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1862 மே 13 விடியலில் தெற்கின் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து 'பிளான்டர்' என்ற கப்பலைக் கிளப்பிக்கொண்டு போய் முற்றுகைக் கடற்படையிடம் ஒப்படைத்தார் ராபர்ட் ஸ்மால்ஸ். அடிமையாக இருந்தவர், அந்தக் கப்பலைச் செலுத்தியவர். கோட்டைகளுக்குக் கொடுக்க வேண்டிய ஊதல் சைகைகள் அவருக்கு மனப்பாடம். துறைமுகத்தைக் காப்பது பீரங்கிகள் மட்டும்தான் என்று நம்புகிறவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் கதை இது.

அதே சார்ல்ஸ்டனை 1863 ஏப்ரலில் வடக்கின் இரும்புக் கவசக் கப்பல்கள் தாக்கித் தோற்றன. கடலிலிருந்து கடைசிவரை அதைப் பிடிக்க முடியவில்லை. 1865 பிப்ரவரியில் வடக்கின் தளபதி ஷெர்மனின் தரைப்படை உள்நாட்டில் ரயில் பாதைகளை அறுத்துக்கொண்டு முன்னேறியதும், தெற்குப் படையினர் ஒரே இரவில் நகரத்தைக் காலி செய்தார்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரைக்கு வரைபடம் போடும்போது, துறைமுகங்களைப் புள்ளிகளாக மட்டும் காட்டாமல் அவற்றுக்குப் பின்னால் போகும் ரயில் கோடுகளையும் வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் சரக்கு அதிகாரி