கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு வீடு

ஆசிரியருக்கு,

போன வருடம் மகளைப் பார்க்க லண்டன் போயிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை மருமகன் லீவு போட்டு என்னையும் பேரனையும் மான்ஷன் ஹவுஸுக்குக் கூட்டிப்போனார். 'சிட்டி' எனப்படும் பழைய நகரப் பகுதியின் லோட் மேயர் குடியிருக்கும் வீடு அது. 1739இல் அத்திவாரம் போட்டு 1750களில் கட்டி முடித்தார்களாம். மேயர் பதவி ஒரு வருடத்துக்குத்தான். வருடா வருடம் ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு வந்து போகும். நம் அரசாங்கக் கச்சேரி குவார்ட்டர்ஸ் கதைதான்! பெரிய விருந்துகள் நடக்கும் இடத்துக்கு 'எகிப்திய மண்டபம்' என்று பெயர். பேரன் பிரமிட்டைத் தேடினான். ரோமாபுரிக் கட்டடக்கலையில் அப்படி ஒரு பெயராம், எகிப்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

என்னை நகரவிடாமல் வைத்தவை சுவரில் தொங்கிய ஒல்லாந்து, பிளெமிஷ் ஓவியங்கள். மொத்தம் 84. பிரான்ஸ் ஹால்ஸ் என்ற ஒல்லாந்து ஓவியர் வரைந்த ஒன்றில் ஒரு வாத்தியக்காரன், கிண்ணத்தை உயர்த்திப் பிடித்து அதைப் பார்த்துச் சிரிக்கிறான். அந்த ஓவியங்களின் காலத்தில்தானே, 1639இல், ஒல்லாந்தர் நம் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள்! லண்டனில் நின்றபடி எனக்குக் கோட்டை வாசலும் அதற்குள் மேயும் மான்களும்தான் ஞாபகம் வந்தன.

பிரெட்ரிக் கோட்டை என்று இன்று சொல்லும் அந்தக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு பழைய பெரிய வீடு நிற்கிறது. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெலஸ்லி, 1800ஆம் ஆண்டின் கடைசியில் படை திரட்ட இங்கே வந்திருந்தபோது தங்கிய வீடு என்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் அதைக் கடந்துதான் கோயிலுக்குப் போகிறேன். உள்ளே கால் வைத்ததில்லை. போன மாதம் ஹட்டன் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம், "ஐயா, இது என்ன கட்டடம்?" என்று கேட்டது. பக்கத்தில் நின்றவர் "வெள்ளைக்காரன் ஜெயில்" என்றார். நான் வெலஸ்லி கதையைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் மானுக்கு வாழைப்பழம் கொடுக்க ஓடிவிட்டார்கள்.

லண்டனில் மேயர் குடியிருக்கும் வீட்டையே வாரத்துக்கு ஒரு நாள் சாதாரண சனங்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். கோட்டை பாதுகாப்புப் பகுதி என்பது எனக்கும் தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிறு, வெலஸ்லி வீட்டின் முன் விறாந்தை வரையாவது விட்டால் போதும். வழியோரத்தில், நடந்து போகிறவர் நின்று வாசிக்கிற மாதிரி, மூன்று மொழியிலும் ஒரு பலகை வேண்டும். தமிழ் வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். 31 வருடம் கோப்பு எழுதிய கை, இன்னும் நடுங்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
உப்புவெளி, திருகோணமலை.