கையோகரின் மழையும் மாணவர் பக்கத்தின் இரு தவறுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு மாணவர் பக்கத்தில், போக்கிமொன் விளையாட்டின் ஐதீக உயிரிகளுள் ஒன்றான கையோகரைப் பற்றிக் கடந்த வாரம் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு வாசித்தேன். பிள்ளைகள் இத்தனை கவனத்தோடு ஆடும் விளையாட்டொன்றைத் தமிழில் விளக்கி எழுத ஒருவர் முன்வந்தது பாராட்டுக்குரியது. ஆயினும், கட்டுரையில் இரண்டு செய்திகள் பிழையாக வந்துள்ளன. கையோகர் உலகையே நீரில் மூழ்கடிக்கத் துடிக்கும் கடற்பூதம் என்பது ஒன்று. அதை வைத்து ஆடுபவர் வேகத்தை முழுவதுமாகக் கூட்டி முந்தி அடித்தால் வெற்றி உறுதி என்பது மற்றொன்று. முதலாவது கதையைக் கெடுக்கிறது; இரண்டாவது, அதை நம்பிக் களமிறங்கும் பிள்ளையைத் தோற்கச் செய்கிறது. இவ்விரண்டையும் திருத்துமாறு வேண்டியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விவசாயப் போதனாசிரியராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத எமது யாழ் குடாநாட்டில், ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்யும் மழை சுண்ணக்கல்லினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீர் வில்லையாகத் தங்கி, ஆண்டு முழுவதும் எமது கிணறுகளுக்கு ஊறுகிறது என்பதைத் தோட்டக்காரருக்கு எடுத்துச் சொல்வதே என் வேலையாக இருந்தது. பன்னிரண்டு வயதான என் மகளின் மகன் கையோகரை முதன்முதலில் எனக்குக் காட்டியபோது, மழையை அழைக்கும் உயிரி என்ற ஒரே காரணத்தினால்தான் நான் அவனருகே உட்கார்ந்தேன். அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

முதலில் கதையைப் பார்ப்போம். கையோகர் 2002 நவம்பர் 21 அன்று ஜப்பானில் வெளியான ரூபி, சஃபையர் என்னும் இரட்டை விளையாட்டுகளில் அறிமுகமாகி, சஃபையரின் அட்டையை அலங்கரித்தது. இவ்விளையாட்டுகளின் களமான ஹோவென் நிலப்பகுதி, ஜப்பானின் தென்பகுதியிலுள்ள கியூஷூ தீவை மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டது. திமிங்கிலச் சாயலும் 4.5 மீற்றர் நீளமும் 352 கிலோகிராம் நிறையும் கொண்ட கையோகர், பெருமழையாலும் பேரலைகளாலும் கடலை விரித்தது என்று அங்குள்ள ஐதீகம் கூறுகிறது. நிலத்தை விரித்த கிரவுடானோடு அது மோதியது. அந்தப் பெரும்போரின் பின்னர் இரண்டும் உறங்கப் போயின. கையோகர் ஆழ்கடல் அகழியிலும் கிரவுடான் பூமியின் அடியிலுள்ள பாறைக்குழம்பிலும் துயில்கின்றன. வரட்சியால் வருந்திய மக்களை மழை தந்து காத்தது இதே கையோகர்தான் என்று இவ்விளையாட்டுகளின் உயிரிக் குறிப்பேடு தெளிவாகச் சொல்கிறது. கட்டுரையாளர் இந்த ஒரு வரியை விட்டுவிட்டார். அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் பூதம் மட்டுமே.

உறங்கிக் கிடந்ததை எழுப்பியவர்கள் மனிதர்கள் என்பதே கதையின் உயிர்நாடி. ஆர்ச்சி என்பவரின் தலைமையிலான அக்குவா அணியினர், கடல் பெருகினால் உயிரினங்கள் செழிக்கும் என்று நம்பினார்கள். மக்ஸியின் தலைமையிலான மக்மா அணியினரோ, நிலம் பெருகினால் மனிதர் வாழ இடம் கிடைக்கும் என்று நம்பினார்கள். இரு சாராரும் தாம் நன்மை செய்வதாகவே எண்ணினர். சஃபையரில் கையோகர் கண்விழித்து, மழை ஓயாமல் கொட்டத் தொடங்கியதும், அதை எழுப்பிய ஆர்ச்சியே திகைத்து நிற்கிறார். தான் விரும்பியது இந்த அளவு மழையை அல்ல என்பது அவருக்கு அப்போதுதான் விளங்குகிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் எமது வயல்களையும் வீடுகளையும் வெள்ளத்தில் ஆழ்த்தியதைக் கண்டவன் என்ற வகையில், அந்தக் காட்சியை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. மழைக்காக ஏங்கி நிற்கும் ஒரு நிலமே மழையால் மூழ்கியும் போகும் என்பதை அறிந்தவர்கள் நாங்கள். ஆகவே இந்தக் கதையை எங்கள் பிள்ளைகளுக்குப் பூதக் கதையாகச் சுருக்கிச் சொல்லத் தேவையில்லை.

2004 இல் வந்த எமரல்ட் விளையாட்டில் இரண்டு உயிரிகளும் விழித்து, எரிமலை வாயினுள் அமைந்த சூட்டோபோலிஸ் நகரின் நீர்ப்பரப்பில் மோதுகின்றன. அப்போது ஓசோன் படலத்தில் வாழும் ரேக்குவேசா விண்தூணிலிருந்து இறங்கி வந்து இரண்டையும் அடக்குகிறது. அது எவரையும் கொல்வதில்லை. வந்து நின்றதும் மற்றவை இரண்டும் விலகிச் செல்கின்றன.

இனிப் போர்முறை. கட்டுரையாளர் இதைக் கதையிலிருந்து பிரித்து எழுதியதே பிழைக்குக் காரணம் என்று கருதுகிறேன். கதையில் எது நடந்ததோ அதுவே களத்திலும் நடக்கும்படி இவ்விளையாட்டை ஆக்கியவர்கள் எண்களை அமைத்திருக்கிறார்கள். கையோகர் களத்தில் இறங்கியவுடன் அதன் டிரிஸில் என்னும் இயல்புத்திறன் மழையை வரவழைக்கிறது. கிரவுடான் இறங்கியவுடன் கடும் வெயில் எறிக்கிறது. மழையில் நீர்த் தாக்குதல்களின் வலு ஒன்றரை மடங்காகிறது. வெயிலில் அது பாதியாகக் குறைகிறது. கையோகரின் மிகப் பெரிய ஆயுதமான வாட்டர் ஸ்பவுட், உடல்வலு முழுமையாக இருக்கும்போது 150 வலுவுடையது. தன் இனத்துக்குரிய தாக்குதல் என்பதால் அது ஒன்றரை மடங்காகும். மழை இருந்தால் மேலும் ஒன்றரை மடங்காகி 337.5 ஆகும். அதே தாக்குதலை வெயிலில் செய்தால் 112.5 மட்டுமே கிடைக்கும். அதாவது, வானம் யார் பக்கம் என்பதைப் பொறுத்து ஒரே அடி மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. கையோகரை ஆடுபவர் எல்லாவற்றுக்கும் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய கணக்கு இதுதான்.

அப்படியானால் மழையை யார் வைத்திருப்பது? இரு தரப்பும் கையோகரையும் கிரவுடானையும் ஒரே நேரத்தில் களத்தில் இறக்கினால், வேகம் கூடியதன் இயல்புத்திறன் முதலில் செயல்படும். வேகம் குறைந்ததன் இயல்புத்திறன் அதன் பின்னர் செயல்பட்டு முன்னதை அழித்துவிடும். கடைசியில் வந்த வானிலையே நிலைக்கும். எனவே வேகத்தை முழுவதும் கூட்டிய கையோகர், மெதுவான கிரவுடானின் முன்னே மழையை இழந்துவிடும். என் பேரன் இதை எனக்கு ஒரே வரியில் சொல்லித் தந்தான்: “அம்மப்பா, பிந்தி வாறவன்ர வானம்தான் நிக்கும்.” அவன் இதைச் சொல்வதற்கு முன்னர் நான் அவனிடம் தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் தோற்றிருந்தேன். மூன்றிலும், கட்டுரையாளர் சொல்லும் அதே முறையில் வேகத்தை உச்சத்துக்குக் கூட்டியே ஆடியிருந்தேன்.

இதில் என்னை மிகவும் வியக்கவைத்தது, இரண்டு உயிரிகளுக்கும் அடிப்படை வேகம் 90 என்று சமமாகவே கொடுக்கப்பட்டிருப்பதுதான். இரண்டின் அடிப்படை அளவுகளின் கூட்டுத்தொகையும் 670 ஆகச் சமமாகவே உள்ளது. ஆக, யார் முந்துவது, யார் பிந்துவது என்பதை வளர்ப்பவரே தீர்மானிக்கிறார். போட்டிகளில் பயன்படும் 50ஆம் நிலையில், வேகத்தை இயன்றமட்டும் குறைத்து வளர்த்தால் கையோகரின் வேகம் 85 ஆகவும், இயன்றமட்டும் கூட்டி வளர்த்தால் 156 ஆகவும் அமையும். சொய்ஸ் ஸ்கார்ஃப் என்னும் கழுத்துத்துணியைக் கொடுத்தால் அது 234 வரை உயரும். ஆனால் அதை அணிந்த கையோகர் களத்தைவிட்டு நீங்கும் வரை ஒரே தாக்குதலையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும் என்பதோடு, மழைப் போட்டியிலும் அநேகமாகத் தோற்றுவிடும்.

மெதுவாக வளர்ப்பதற்கும் ஒரு விலை உண்டு. உடல்வலு குறையக் குறைய வாட்டர் ஸ்பவுட்டின் வலுவும் அதே விகிதத்தில் குறையும். 207 உடல்வலுவுடன் நிற்கும் கையோகர் ஓர் அடி வாங்கி 138க்கு இறங்கினால், 150 ஆக இருந்த தாக்குதலின் வலு 100 ஆகிவிடும். முந்தி அடித்தால் முழு வலு கிடைக்கும், ஆனால் மழை போகலாம். பிந்தி இறங்கினால் மழை நிற்கும், ஆனால் அடிவாங்கிய உடம்போடு அடிக்க நேரும். இருவருக்கு இருவராக மோதும் ஆட்டத்தில் இந்த இக்கட்டை இணை உயிரியே தீர்த்துவைக்க வேண்டும். மெதுவான கையோகருக்கு அருகே டெயில்விண்ட் என்னும் பின்காற்றை எழுப்பக்கூடிய உயிரியொன்றை நிறுத்தினால், நான்கு சுற்றுகளுக்குத் தன் பக்கத்தின் வேகம் இரட்டிப்பாகும். இறங்கும்போது மெதுவாகவும் அடிக்கும்போது வேகமாகவும் இருக்கும் நிலை அப்போது கைகூடும். மற்றொரு வழி, கையோகரைத் தொடக்கத்திலேயே இறக்காமல் பின்னால் வைத்திருந்து, கிரவுடான் வெயிலை எறித்த பின்னர் மாற்றி எடுப்பது. வரும்போதெல்லாம் அதன் மழையும் கூடவே வரும். ஆதலால் யாருடைய கையில் கடைசி மாற்றம் மிஞ்சியிருக்கிறதோ, வானம் அவருடையதாகும். வயலுக்கு மழை வரும் காலத்தைப் பார்த்தே விதைப்போம். விதைத்துவிட்டு மழையைத் தேடி ஓடுவதில்லை. ஆட்டத்திலும் அந்தப் பொறுமைதான் வேண்டும்.

சுற்றுகளை எண்ணிக்கொண்டே ஆடுவதும் அவசியம். பழைய விளையாட்டுகளில் கையோகர் அழைத்த மழை, வேறொரு வானிலை வந்து மாற்றும் வரை ஓயாது. 2013 இல் வெளியான எக்ஸ், வை விளையாட்டுகள் முதல் அது 5 சுற்றுகளே நீடிக்கிறது. டாம்ப் ரொக் என்னும் ஈரக்கல்லைக் கையில் கொடுத்திருந்தால் 8 சுற்றுகள் நீடிக்கும். பழைய ஆட்டத்தைப் படித்துவிட்டுப் புதிய ஆட்டத்தில் இறங்கும் பிள்ளைகள் ஆறாவது சுற்றில் ஏமாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

எதிர்த்து ஆடுபவருக்கும் சில சொற்கள் சொல்ல வேண்டும். இருவருக்கு இருவராக மோதும் ஆட்டத்தில் வாட்டர் ஸ்பவுட் எதிரிகள் இருவரையும் ஒருங்கே தாக்கும். அதனால் அதன் வலு முக்காலாகக் குறையும். வைட் கார்ட் என்னும் அகலக் காப்பு இத்தகைய பரவலான தாக்குதல்களை அந்தச் சுற்றில் முற்றாகத் தடுத்துவிடும். எனவே கையோகருக்கு ஒருவரை மட்டும் குறிபார்க்கும் தாக்குதல் ஒன்றையேனும் கற்பித்திருக்க வேண்டும். ஐஸ் பீம் மிகவும் உகந்தது: கிரவுடானை அது இரு மடங்காகவும் ரேக்குவேசாவை நான்கு மடங்காகவும் தாக்கும். சாதாரண நேரத்தில் நூற்றுக்கு எழுபது முறை மட்டுமே இலக்கைத் தொடும் தண்டர், மழையில் தவறவே தவறாது. எதிரணியிலும் கையோகர் இருந்தால் அதற்கு இதுவே மருந்து. புல்லினமும் மின்னினமும் மாத்திரமே கையோகருக்குப் பலவீனம்.

ஆறாம், ஏழாம் தலைமுறை விளையாட்டுகளில் ஆதிவடிவம் எடுக்கும் கிரவுடானின் வெயிலில் நீர்த் தாக்குதல் ஒரு துளியும் பலிக்காது. ஆதிவடிவக் கையோகரின் மழையில் நெருப்பு பற்றாது. இங்கே மூன்றில் ஒன்று என்ற கணக்குக்கூட இல்லை, எல்லாம் அல்லது எதுவுமில்லை. 2016 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் போட்டியில் வுல்ஃப் கிளிக் வெற்றிபெற்ற அணியில் கையோகரும் ரேக்குவேசாவும் சேர்ந்தே இருந்தன. மழையை அழைப்பதையும் வானத்தையே மாற்றுவதையும் ஒரே கையில் வைத்திருந்த அணி அது.

வீதியில் நடந்து ஆடும் ‘போக்கிமொன் கோ’ என்னும் கைபேசி விளையாட்டைப் பற்றியும் ஒரு குறிப்பு. அதில் ஊரின் உண்மையான வானிலையே கணக்கில் எடுக்கப்படுகிறது. எமது மாரிகாலத்தில் மழை நேரத்தில் கையோகரை வென்று பிடித்தால் அது 20ஆம் நிலைக்குப் பதிலாக 25ஆம் நிலையில் கிடைக்கும்; அதன் வலு 2351க்குப் பதிலாக 2939 வரை போகலாம். ஆனால் மழை அதன் நீர்த் தாக்குதலையும் வலுப்படுத்தும். மழையில் மின்னின உயிரிகளும் வலுப்பெறுவதால் அவற்றையே அழைத்துச் செல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுகிறேன். புல்லினத்துக்கு மழை கைகொடுப்பதில்லை. கையோகரிடம் பனித் தாக்குதல் இருந்துவிட்டாலோ புல்லினம் வாடிவிடும்.

அடுத்த வாரம் ரேக்குவேசாவைப் பற்றிய கட்டுரை வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதை எழுதுபவருக்கு இதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். ரேக்குவேசாவின் எயார் லொக் என்னும் இயல்புத்திறன் மழையை நிறுத்திவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாணவர் பக்கத்திலும் அப்படி வந்துவிடக்கூடாது. மழை தொடர்ந்து பெய்துகொண்டே இருக்கும். அதன் பயன் மட்டும், ரேக்குவேசா களத்தில் நிற்கும் வரை, எவருக்கும் கிட்டாது. இடையில் சுற்றுகளின் எண்ணிக்கை நிற்பதுமில்லை. ரேக்குவேசா களத்தைவிட்டு நீங்கும்போது இரண்டு சுற்றுகள் மீதம் இருந்தால், அந்த இரண்டு சுற்றுகளுக்கும் மழை கையோகருக்கு மீண்டும் துணைநிற்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர்,
கோப்பாய்.