செயலாளரின் ஆண்டறிக்கை: வானம்பாடியும் குள்ளநரியும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இந்த ஆண்டு நம் இயற்கை ஆர்வலர் சங்கம் ஒரே வேலையைக் கையில் எடுத்தது. ஒரே புல்வெளியில் வாழும் சாம்பல் தலை வானம்பாடியையும் குள்ளநரியையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். மாதாந்திர நடை தவறாமல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆண் வானம்பாடி விறுவிறுவென மேலே ஏறும். சிறகை ஒடுக்கி, நீளமாக விசிலடித்தபடி கல்லைப் போல விழும். தரை தொடும் முன் சட்டென்று மறுபடி எழும்பும். பாடும் பறவைகளுக்குக் குரல் உறுப்பு நெஞ்சுக்குள், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது. வளர்ந்த பறவைகளைக் கேட்டுத்தான் குஞ்சு பாட்டைப் பழகும். குள்ளநரியின் கடகடவென்ற குரைப்போ பிறவியிலேயே வருவது.

பெரிய நரியையும் இதையும் பலர் குழப்பிக்கொண்டார்கள். குள்ளநரி 2 முதல் 3 கிலோதான் இருக்கும். ஒல்லிக் கால், நீளக் காது, புசுபுசு வாலில் கருப்பு நுனி.

'முட்டை திருடி' என்று அதன்மேல் சிலருக்குக் கோபம். தரையில் முட்டை கிடைத்தால் அது விடாது, உண்மைதான். ஆனால் ஒரு காலை நடையில் நாங்களே தரையிலிருந்த ஒரு வானம்பாடிக் கூட்டை மிதிக்க இருந்தோம். மண்கட்டி ஓரமாக உள்ளங்கையளவு குழி, உள்ளே மெல்லிய புல், விளிம்பில் பொடிக்கற்கள், நடுவில் இரண்டு முட்டை. அன்றிலிருந்து கூடு கட்டும் காலத்தில் ஒற்றையடிப் பாதையை விட்டு யாரும் இறங்குவதில்லை.

மழை விட்ட ஓர் அந்தியில், வளை வாசலில் நின்ற குள்ளநரி ஈசலைத் தாவித் தாவிப் பிடித்துத் தின்றது. வானம்பாடி தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் பூச்சிகளைத்தான். இரண்டுக்கும் அடர்ந்த காடு ஆகாது. குட்டைப் புல்லும் திறந்த வெளியும் வேண்டும். அந்த நிலத்தைத் தரிசு என்று நாம் எழுதி வந்தது தவறு. நல்லெண்ணத்தோடு அங்கே மரம் நட்டால்கூட இரண்டுமே இடம் இழக்கும்.

ஆகவே, மரம் நடும் நிதியில் ஒரு ரூபாய்கூட இந்தப் புல்வெளிக்குச் செலவிடக் கூடாது என்ற தீர்மானத்தை உறுப்பினர்கள் நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்