காலும் நாக்கும்

வெள்ளவத்தை,
கொழும்பு

அன்புள்ள தம்பிக்கு,

வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் நாடு நாடாகச் சுற்றப்போவதாக எழுதியிருந்தாய். ஊர் பார்க்க மட்டும் இல்லை, உள்ளே ஏதோ ஒன்றைத் தேடவும்தான் என்றும் எழுதினாய். கடைசி வரியில், கதிர்காம முருகனிடம் நடந்தே போகும் பாதயாத்திரை சரிவருமா என்று ஒரு கேள்வி. அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

சரிவரும். ஆனால் மற்றப் பயணங்களுக்கு நடுவில் ஒரு கிழமையை ஒதுக்கி அதைச் செருகாதே. காட்டு வாசலான உகந்தையில் இறங்கிக் கதிர்காமம் வரையான காட்டுப்பாதையை மட்டும் நடந்துவிட்டு வருபவர்கள் நிறையப் பேர். அதில் குற்றமில்லை. ஆனால் நீ தேடுவதாகச் சொல்வது ஐந்து நாளில் கிடைக்காது. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோவிலில் தொடங்கி நட. முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு மாமாங்கம், மண்டூர், திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை என்று கரையோரமாகவே இறங்கும் பாதை அது. 500 கிலோமீற்றருக்கு மேல், ஒன்றரை மாதத்துக்குக் குறையாது. உன்னிடம் இருப்பது வெளிநாட்டுப் பாஸ்போர்ட். 30 நாள் விசாவோடு வந்தால் நடை முடியுமுன் அது முடிந்துவிடும். நடக்கத் தொடங்கமுன்னமே நீடித்துக்கொள். பாதி வழியில் பத்தரமுல்லைக் குடிவரவு அலுவலகத்துக்கு ஓடிவர முடியாது.

தேதியைச் சந்திரன் பார்த்துத்தான் வைப்பார்கள். கதிர்காமத்து ஆடிவேல் உற்சவம் பெரும்பாலும் யூலையில் வரும், பௌர்ணமியை ஒட்டி மாணிக்க கங்கையில் தீர்த்தம். உகந்தைக் காட்டுவாசல் திறக்கும் நாளும் மூடும் நாளும் ஒவ்வொரு வருடமும் மாறும். அறிவிப்பைப் பார்க்காமல் விமான ரிக்கற் எடுக்காதே.

இனிக் கால். வெறுங்காலோடு நடப்பது மரபு, ஆனால் கனடாவில் சப்பாத்துக்குள் இருந்த கால் மரபு பார்க்காது. இப்போதே தொடங்கு: மூன்று மாதம், தினமும், முதலில் 20 நிமிடம் புல்லில், பிறகு மண்ணில், கடைசியாகக் கல்லுத்தரையில். இங்கே வந்ததும் இரண்டு கிழமை விடியற்காலையில் கடற்கரை மணலில் நட. கொப்புளம் பொதுவாக இரண்டாம் மூன்றாம் நாளில் வரும், சூடும் ஈரமும் உராய்வும் சேர்வதால். சிவந்து எரியும்போதே நின்று, காலைக் காயவைத்துத் துணிப்பட்டி ஒட்டினால் கொப்புளமாகாது. வந்துவிட்டால், நெருப்பில் காட்டிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை விடு. மேல்தோலை உரிக்காதே, அதுதான் உனக்கு இருக்கும் சுத்தமான கட்டு. வெயில் ஏறிய தார் றோட்டில் செருப்புப் போடு. வெந்த காலோடு கட்டிலில் கிடப்பதில் பக்தி ஒன்றும் இல்லை. புண்ணோடு சேற்றுத் தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் பிடிக்கலாம். ஏற்பு (டெட்டனஸ்) ஊசியையும் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையையும் பற்றி டொக்டரிடம் கேட்டு வை.

பை தண்ணீரோடு சேர்த்து 8 கிலோவைத் தாண்டக்கூடாது. அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் நிழல் பிடி, மிச்சத்தைப் பின்னேரம் நட. கிழக்கில் அப்போது கச்சான் காற்று அடிக்கும். வறண்ட காற்றில் வியர்வை வந்ததும் காய்ந்துவிடும், அதனால் வியர்ப்பதே தெரியாது. மயங்கி விழும்போதுதான் உடம்பு வற்றியது தெரியவரும். தாகத்தை நம்பாதே, சிறுநீரின் நிறத்தைப் பார். கடும் மஞ்சளானால் இருந்துவிடு. உடம்பு வற்றினால் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் பக்கற் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கரை. பாதிப் பக்கற்றைக் கண்மட்டாகக் கரைத்தால் உப்பு பிழைக்கும். அது இல்லாவிட்டால் ஒரு லீற்றருக்குச் சீனி மட்டமாக ஆறு தேக்கரண்டி, உப்பு மட்டமாக அரைத் தேக்கரண்டி.

காட்டில் தண்ணீர் கலங்கல்தான். தேத்தாங்கொட்டை நாலைந்து எடுத்து வை. கொட்டையை மண்பானையின் உட்சுவரில் தண்ணீர் தொட்டு உரைத்தால் வெள்ளையாக ஒரு கூழ் வரும். அதன்மேல் நாலாக மடித்த பருத்தித் துணியில் வடித்த தண்ணீரை ஊற்றி, ஆட்டாமல் வை. கலங்கல் திரிதிரியாகச் சேர்ந்து அடியில் இருந்துவிடும். மேல்தண்ணீரை மொண்டு கொதிக்கவை. தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் இல்லை, கிருமி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடு போட்டதும் வாந்திபேதிக்குப் பயந்துதான்.

உகந்தையிலிருந்து குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று காட்டுக்குள்ளால் போகும் வழி. இந்த ஐந்தாறு நாளுக்கு அரிசி ஆளுக்கு ஒன்றரைக் கிலோ, பருப்பு, அவல், பனங்கட்டி, புழுக்கொடியல். பொலித்தீன் ஒன்றும் வேண்டாம். தனியே நடக்காதே, விடியமுன் தண்ணீருக்குப் போகாதே. யானைக்குக் கண்ணைவிட மூக்குப் பெரிது. காற்று உன் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால் விலகி வழிவிடு. அது பாலைப்பழம் பழுக்கும் காலம். அந்தப் பழத்துக்காகக் கரடி மரமேறும். நிழல் நல்லது என்று பழுத்த பாலையின் கீழ் படுக்காதே. கரடி திடுக்கிட்டால்தான் பாயும். முன்னால் போகிறவர்கள் விடாமல் அரோகரா சொல்வதால் அதற்கும் விலக நேரம் கிடைக்கிறது.

இதெல்லாம் காலுக்கு. நீ கேட்ட மற்றதற்கு வருகிறேன். முதல் கிழமை மனம் கணக்குப் பார்க்கும், எவ்வளவு தூரம், எத்தனை நாள் என்று. இரண்டாம் மூன்றாம் கிழமைதான் கடினம். கால் பழகிவிடும், புதினம் தீர்ந்துவிடும். பக்கத்துச் சாமியின் இருமல்கூட எரிச்சலாக இருக்கும். அங்கே உன் பெயரையோ வேலையையோ யாரும் கேட்கமாட்டார்கள், எல்லாரும் எல்லாருக்கும் சாமி. முதலில் அது இனிக்கும், பிறகு உறுத்தும், ஏனென்றால் நீ யார் என்று காட்ட வழியில்லை. படுக்கும் இடத்துக்கும் கறியின் உப்புக்கும் சண்டை வருவது அந்த நாட்களில்தான். கூட்டம் உடைவது காலால் இல்லை, வாயால். எழும்பியதிலிருந்து சூரியன் வரும்வரை ஒரு சொல்லும் பேசாதே. ச-ர-வ-ண-ப-வ, அடிக்கு ஓர் எழுத்து. நடுவில் மனம் எங்கேயாவது போனால் திட்டாமல் மறுபடி ச-விலிருந்து பிடி. யார் எதைத் தந்தாலும் இரண்டு கையாலும் வாங்கு. பொத்துவிலில் முஸ்லிம் வீட்டுத் தண்ணீரும் பாணமையில் சிங்கள வீட்டுத் தேத்தண்ணியும் அப்படியே வாங்கவேண்டியவைதான்.

தொடங்கும் சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டித்தான் பூசை செய்வார். வழியில் மண்டூரிலும் அப்படித்தான், கதிர்காமத்தில் பூசை செய்யும் சிங்களப் பூசகரான கப்புறாளையும் அப்படித்தான். அத்தனை தூரம் நடந்து போய் நின்றால் முன்னால் இருப்பது வள்ளி தெய்வானையோடு முருகனை எழுதிய ஒரு திரை. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து காட்டமாட்டார்கள். இவ்வளவுதானா என்று சலிக்கிறவர்களும் உண்டு, அங்கேயே அழுதுகொண்டு நிற்பவர்களும் உண்டு. நாக்கை அடக்கி நடந்த ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அந்தத் திரைக்கு முன்னால் நீ நிற்கவேண்டும் என்பதுதான், தம்பி, எனக்கு ஆசை.

பொத்துவிலில் கடைசியாக ஒரு கோல் எடு. அதன்பிறகு போனை நிறுத்திவிடு. ஒரு கிழமைக்கு நானும் எதிர்பார்க்கமாட்டேன்.

புறக்கோட்டையில் இரண்டு பருத்தி வேட்டி வாங்கி வைத்திருக்கிறேன். புது வேட்டியின் கஞ்சி தொடையை உரசிப் புண்ணாக்கும். மூன்று தரம் துவைத்தாயிற்று, இன்னும் விறைப்பாகத்தான் இருக்கிறது. நீ வரமுன் இன்னும் இரண்டு தரம் துவைத்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா