மலர் அச்சுக்குப் போகுமுன் அந்தப் பிள்ளைகளின் பெயர்களைத் தேடுங்கள்

யாழ்ப்பாணத்துப் பழைய பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கும் மலர்க் குழுக்களுக்கும்,

வணக்கம். நீங்கள் வெளியிடும் ஆண்டு நிறைவு மலர்களைத் தேடி வாசிக்கிறவன் நான். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தது, 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை, அந்தச் செமினரியின் முதல் தலைவர் டானியல் பூவரின் படம் எல்லாம் ஒழுங்காக வருகிறது. விடுதியில் சேர்ந்த பிள்ளையின் பெயருக்கு என்ன நடந்தது என்பதுதான் வருவதில்லை.

அமெரிக்காவில் யாரோ ஒருவர், அல்லது ஒரு சபை, இங்கே ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்பும். அனுப்புகிறவர்கள் சொன்ன பெயரை இங்கே பிள்ளைக்கு வைத்தார்கள். சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார், விசுவநாதபிள்ளை கறோல் ஆனார், சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். இவர்கள் வளர்ந்து, எழுதி, கற்பித்துப் பேரெடுத்தபடியால் இரண்டு பெயரும் சேர்ந்தே நிலைத்துவிட்டன. மற்றப் பிள்ளைகள்? வறுமையில் கொண்டுவந்து விடப்பட்ட பெண்பிள்ளைகள்? தாய் கூப்பிட்ட பெயரை வீட்டில் வைத்துவிட்டு, கடலுக்கு அப்பால் இருக்கும் முகம் தெரியாத ஒருவரின் பெயருக்கு இடாப்பில் பதில் சொன்ன அந்தச் சின்னப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

படிப்புக் கிடைத்தது, அதை நான் மறுக்கவில்லை. பெண்பிள்ளை விடுதியில் தங்கிப் படிப்பதை அன்றைக்கு இங்கே யார் நினைத்தார்கள்? ஆனால் அந்தப் படிப்புக்குப் பிள்ளை எதைக் கொடுத்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

சைவப் பாடசாலைக்காரருக்கும் இதே கேள்வி இருக்கிறது. பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மிஷன்காரர் கையாண்ட அதே வகுப்பு முறையையும் அச்சுப் புத்தகத்தையும் வைத்தே பாலபாடம் தந்தார். பிள்ளை தன் பெயரோடும் திருநீற்றோடும் படிக்க ஓர் இடம் வந்தது, சரி. ஆனால் அப்படி எழுந்த சைவப் பாடசாலைகளின் வாசல் எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் திறந்திருக்கவில்லை; 1930ஐ ஒட்டி, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வகுப்பில் சமமாக இருக்கலாம் என்ற சம ஆசனம் வந்தபோது சில பாடசாலைகளையே கொளுத்தினார்கள். உங்கள் மலர்களில் இதற்கு அரைப் பக்கமாவது கொடுங்கள்.

மிஷன் பாடசாலைக் குழுக்களிடம் நான் கேட்பது ஒரு பட்டியல். சேர்ந்த ஆண்டு, ஊர், வீட்டுப் பெயர், வைத்த பெயர், பணம் அனுப்பியவர். வீட்டுப் பெயர் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை வெறுமையாகவே விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். மிஷன் தலைமையகத்துக்குப் போன கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. வட அமெரிக்காவில் இருக்கும் உங்கள் கிளைச் சங்கத்தார் நினைத்தால் போய்ப் பார்க்கலாம். அப்புறம், ஊரில் பழைய குடும்பப் பைபிள்களின் முன்பக்கங்களில் பெயர் எழுதி வைத்திருப்பவர்களையும் கேளுங்கள், அந்தத் தாள்கள் இப்போதே உதிரத் தொடங்கிவிட்டன.