ஜெர்மனி அரண்மனைகளைப் படம்பிடிக்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

லுட்விக்ஸ்பர்க் அரண்மனை, அதன் தோட்டத்தில் இலையுதிர் காலத்தில் நடக்கும் பூசணிக் கண்காட்சி, ஸ்டுட்கார்ட் பக்கத்துக் குன்றில் நிற்கும் சோலிட்யூட் மாளிகை. இந்த வீடியோக்களை எல்லாம் நான் விரும்பிப் பார்க்கிறேன். ஆனால் சோலிட்யூடைக் கட்டிய, லுட்விக்ஸ்பர்கில் வாழ்ந்த கோமகன் கார்ல் ஓய்கனை "பெரிய கலை ரசிகர்" என்று ஒரே வரியில் கடந்துவிடுவதுதான் மனசைக் குடைகிறது.

ரசிகர்தான், அதில் சந்தேகமில்லை. 1728-ல் பிறந்தவர், அப்பா இறந்ததும் ஒன்பது வயதில், ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியிருந்த வூர்ட்டம்பெர்க் நாட்டின் கோமகன் ஆனார், 16 வயதில் ஆட்சியைக் கையில் எடுத்தார். ஓபராவுக்கும் பாலேவுக்கும் ஐரோப்பாவின் சிறந்த கலைஞர்களை வரவழைத்தார். 1765-ல் அவர் தொடங்கிய நூலகம் இன்றும் ஸ்டுட்கார்ட்டில் இயங்குகிறது. சரி, இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது?

மக்கள் மேல் போட்ட வரி ஒரு பக்கம். ஆள் கொடுத்து வாங்கிய பணம் இன்னொரு பக்கம். 1752-ல் பிரான்சிடம் உதவித்தொகை பெற்றுக்கொண்டு, கேட்கும்போது 6,000 படைவீரர்களைத் தருவதாக ஒப்பந்தம் போட்டார். ஐரோப்பிய வல்லரசுகள் மோதிய ஏழாண்டுப் போர் (1756–63) வந்ததும் இளைஞர்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துப் படையில் சேர்த்தார்கள். 1757-ல் ஸ்டுட்கார்ட்டிலேயே அந்தப் படை கலகம் செய்தது. மக்கள் பிரதிநிதி சபையின் சட்ட ஆலோசகரான மோசரைக் கோமகன் விசாரணையே இல்லாமல் ஐந்து ஆண்டுகள் கோட்டையில் அடைத்து வைத்தார்.

அப்புறம், கவிஞர் ஷூபார்ட். பக்கத்திலிருந்த உல்ம் நகரம் கோமகனின் அதிகாரத்துக்கு உட்படாதது. அங்கே இருந்துகொண்டு தன் பத்திரிகையில் துணிந்து எழுதினார். 1777 ஜனவரியில் ஆள் வைத்து நைச்சியமாக எல்லைக்கு இந்தப் பக்கம் வரவழைத்துப் பிடித்தார்கள். விசாரணை கிடையாது, தண்டனை எத்தனை வருடம் என்றும் சொல்லவில்லை. ஹோகன்ஆஸ்பெர்க் கோட்டையில் பத்து வருடம் கிடந்தார். முதல் வருடம் தனிமைச் சிறை. எழுத அனுமதி கிடையாது. பிறகும் எழுதுகோல் கைக்கு வராத நாட்களில், சுவரில் இருந்த துவாரம் வழியாகத் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லச் சொல்ல, அடுத்த அறைக் கைதி எழுதிக்கொண்டார். இந்த மனிதரைப் பற்றி உங்கள் வீடியோவில் ஒரு நிமிடம் சொன்னால் என்ன?

நமக்குப் பக்கத்துக் கதையும் இதில் உண்டு. 1786-ல் கோமகன் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு படைப்பிரிவையே கொடுக்க ஒப்பந்தம் செய்தார். 1787-ல் சுமார் 2,000 பேர் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் புறப்பட்டார்கள். அவர்களுக்கான பிரிவுப் பாடலை எழுதியவர் அப்போதும் சிறையிலிருந்த ஷூபார்ட்தான். அங்கிருந்து அந்த வீரர்களை ஜாவாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பினார்கள். 1796-ல் கொழும்பை ஆங்கிலேயர் கைப்பற்றியபோது வூர்ட்டம்பெர்க் வீரர்கள் அங்கே காவலில் இருந்தார்கள். ஊர் திரும்பியவர்கள் மிகச் சிலரே.

அரண்மனையைக் காட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. அதே நாளில் ஹோகன்ஆஸ்பெர்குக்கும் போய் வாருங்கள் என்றுதான் கேட்கிறேன். லுட்விக்ஸ்பர்கிலிருந்து ரயிலில் அடுத்த நிறுத்தம் ஆஸ்பெர்க். இறங்கிக் குன்றேறினால் கோட்டை. அங்கே அடைபட்டவர்களைப் பற்றிய அருங்காட்சியகமும் இருக்கிறது. கேமராவை அங்கேயும் கொண்டுபோங்கள்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்